செம்மரக் கடத்தலும் புலனாய்வாளரின் பணியும்

தமிழ்நாட்டு இல்லங்களில் நவராத்திரிக் கொலுவின்போது மரப்பாச்சிப் பொம்மைகளை முதற்படியில் வைப்பது வழக்கம். திருப்பதிக்குச் சென்று திரும்பும் யாத்திரிகர்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாக வாங்கி வந்திருக்கிறார்கள். குழந்தைக்கு மருந்தாக அந்தப் பொம்மையைக் கல்லில் இழைத்துப் பூசிய பாட்டிமார்களும் உண்டு. அந்தப் பொம்மை செதுக்கப்படும் செம்மரமே இன்று சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் காவல் நிலையங்களிலும் நீதிமன்றங்களிலும் ஆயிரக்கணக்கான வழக்குகளின் பொருளாகியிருக்கிறது.

திட்டமிட்ட குற்றம் என்றவுடன் பெருநகரங்களின் கள்ளக்கடத்தல் கும்பல்களே பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் அத்தகைய குற்றத்தின் எல்லா உறுப்புகளையும் ஒரே இடத்தில் கண்டு கற்க வேண்டுமாயின், சேஷாசல மலையடிவாரத்தைப் போன்ற பாடசாலை வேறொன்று இருப்பது அரிது. காடு, தொழிலாளர், தரகர், வாகனம், கிடங்கு, துறைமுகம், அயல்நாட்டு வணிகர், வங்கிக் கணக்கு ஆகிய அனைத்தும் இங்கு ஒரே சங்கிலியில் பிணைந்துள்ளன. இச்சங்கிலியைப் புலனாய்வு அலுவலர் எவ்வாறு ஆராய வேண்டும், எங்கே தவறு நேர்கிறது, அத்தவறுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரமும் நிலமும்

செம்மரத்தின் தாவரவியற் பெயர் டெரோகார்பஸ் சாண்டலினஸ். பெயரில் சந்தனம் ஒலித்தாலும் இது சந்தன மரத்தின் இனத்தைச் சேர்ந்ததன்று. வேங்கை மரத்துக்கு நெருங்கிய உறவுடையது. இதற்குச் சந்தன மணம் கிடையாது. அடர்சிவப்பு நிறமும், நீரில் மூழ்குமளவுக்கு மிகுந்த எடையும், பூச்சி எளிதில் அரிக்காத உறுதியுமே இதன் சிறப்புகள். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய மலைகளை ஒட்டிய வறண்ட, கல் நிறைந்த நிலத்தில் இது இயற்கையாக வளர்கிறது. உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கையான பெருங்காடு இல்லை. வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவே இன்று வெட்டப்படும் முதிர்ந்த மரத்துக்கு ஈடான மரத்தை அடுத்த தலைமுறைதான் காண முடியும்.

சீனாவில் உயர்ந்த மரச்சாமான்களுக்கும், ஜப்பானில் சாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இம்மரம் விரும்பப்படுகிறது. நார் அலையலையாக ஓடும் கட்டைக்கு விலை இன்னும் அதிகம். தேவை கடலுக்கு அப்பாலும் மரம் சில மாவட்டங்களுக்குள்ளும் இருப்பதே கடத்தலின் அடிப்படைப் பொருளாதாரம்.

அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1995ஆம் ஆண்டு முதல் செம்மரம் இடம்பெற்றுள்ளது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையிலும் அது சேர்க்கப்பட்டது. காட்டில் வெட்டப்பட்ட செம்மரத்தைத் தனியார் ஏற்றுமதி செய்வதற்குத் தடை உள்ளது. 1967ஆம் ஆண்டின் ஆந்திரப் பிரதேச வனச் சட்டம், 2016இல் திருத்தப்பட்டுச் செம்மரக் குற்றங்களுக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. சட்டத்தின் கடுமையில் குறை இருப்பதாகச் சொல்வதற்கில்லை.

எல்லையின் இயல்பையும் இங்குக் கவனிக்க வேண்டும். 1911இல் உருவான சித்தூர் மாவட்டம் 1953 வரை சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்தது. 1960இல் திருத்தணி உள்ளிட்ட பகுதிகள் தமிழ்நாட்டுடன் சேர்ந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாகக் கோடுகள் பலமுறை மாறியபோதிலும் சந்தை, உறவுமுறை, மொழி, கூலி வேலை ஆகியன அக்கோடுகளைக் கடந்தே இயங்கி வந்துள்ளன. நகரியிலும் புத்தூரிலும் இரு மொழியும் பேசுவோர் மிகுதி. கடத்தற்காரனுக்கு எல்லை ஒரு தடையன்று. புலனாய்வாளரின் அதிகாரம் மட்டும் அவ்வெல்லையில் நின்றுவிடுகிறது.

திட்டமிட்ட குற்றம் என்பது யாது?

ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் நாடு கடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 2011இல் அதனை உறுதி செய்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்டோர், ஒரு குறிப்பிட்ட காலம் தொடர்ந்து இயங்கி, பொருளாதார ஆதாயத்துக்காகக் கடுங்குற்றம் புரிவதே அவ்வுடன்படிக்கை கூறும் இலக்கணத்தின் சாரம்.

2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 111ஆம் பிரிவு, திட்டமிட்ட குற்றத்தை நாடு முழுமைக்குமான தனிக் குற்றமாக வகுத்துள்ளது. சட்டவிரோதப் பொருள்களைக் கடத்துதல், பொருளாதாரக் குற்றங்கள் முதலியன அதில் அடங்கும். குறைந்தது 5 ஆண்டுச் சிறைத்தண்டனை உண்டு. ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம். ஆயினும் மாணவர்களும் இளம் அலுவலர்களும் ஒரு நிபந்தனையை மனத்திற்கொள்ள வேண்டும். குற்றச்செயல் தொடர்ச்சியானது என்று காட்டுவதற்கு, முந்தைய 10 ஆண்டுகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கல் செய்யப்பட்டு, அவற்றை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்க வேண்டும்.

இதன் பொருள் மிகத் தெளிவானது. ஒரு நிலையத்தில் இன்று எழுதப்படும் சாதாரண வழக்குக் கோப்பு, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு மாவட்டத்தில் பெரிய வழக்கொன்றின் அடித்தளமாக அமையக்கூடும். அக்கோப்பில் பெயர், தந்தை பெயர், ஊர், தொலைபேசி எண், வண்டி எண் ஆகியன பிழையாக எழுதப்பட்டிருப்பின், அந்த அடித்தளம் பயன்படாது. தமிழ்ப் பெயரைத் தெலுங்கிலும், பின்னர் ஆங்கிலத்திலும் எழுதும்போது ஒருவரே மூவராகத் தோன்றுவது இப்பகுதியில் எளிதில் நேரக்கூடிய பிழை.

கடத்தலின் படிகள்

செம்மரக் கடத்தலை ஒரு தொழிலாகக் கொண்டு ஆராய்ந்தால் அதில் ஐந்து படிகளைக் காணலாம்.

முதற்படியில் மரம் வெட்டுவோர் உள்ளனர். இவர்களிற் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, திருப்பத்தூர், தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களின் மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலை ஒரு காலத்தில் சந்தன மரத்துக்குப் பெயர் பெற்றது. அங்குச் சந்தனம் அருகியபின் கோடரியின் கைப்பழக்கம் மட்டும் எஞ்சியது. அதனைத் தேடியே தரகர்கள் மலையேறி வந்தனர்.

இரண்டாம் படியில் மேஸ்திரி எனப்படும் ஆள் சேர்ப்பவர். முன்பணம் கொடுத்து, பேருந்திலோ வேனிலோ ஆட்களை அனுப்பி, காட்டு வழி தெரிந்த உள்ளூர் வழிகாட்டியிடம் ஒப்படைப்பது இவர் வேலை.

மூன்றாம் படி போக்குவரத்து. மரத்தை வெட்டி, வெளிப்புற வெள்ளைப் பகுதியைச் செதுக்கி எறிந்து, வைரம் பாய்ந்த கட்டையைத் தோளில் சுமந்து காட்டின் ஓரத்துக்குக் கொண்டு வருவார்கள். அங்கிருந்து கார், வேன், லாரி ஆகியவற்றில் அது ஏற்றப்படும். சோதனை உள்ளதா என்று பார்ப்பதற்காக முன்னால் ஒரு வண்டி செல்லும். அதற்குப் பைலட் வண்டி என்று பெயர்.

நான்காம் படி, பெங்களூரு, சென்னை போன்ற நகரங்களின் புறத்தே உள்ள கிடங்கு. பல பயணங்களின் சரக்கு அங்குச் சேர்ந்து தரம் பிரிக்கப்படுகிறது. ஐந்தாம் படியில் ஏற்றுமதி நடைபெறுகிறது. வேறு சரக்கின் பெயரில் ஆவணம் தயாரித்துக் கொள்கலனில் அனுப்புவது முக்கிய வழி. நேபாளம், மியான்மர் எல்லைகளின் வழியாகத் தரைமார்க்கமாகவும் செல்வதுண்டு.

ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்கு அடுத்த படியிலுள்ள ஒருவரை மட்டுமே தெரியும். வெட்டுபவருக்கு மேஸ்திரியைத் தெரியும், கிடங்குக்காரரைத் தெரியாது. ஓட்டுநருக்குத் தொலைபேசியில் பேசும் குரலைத் தெரியும். முதலாளியின் முகம் தெரியாது. இந்த அறியாமை தற்செயலாக ஏற்பட்டதன்று. அதுவே அமைப்பின் பாதுகாப்புச் சுவர். அபாயமும் ஆதாயமும் எதிரெதிர்த் திசையில் பங்கிடப்படுகின்றன. ஒரு பயணத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கூலி பெறுபவர் சிறையையும் துப்பாக்கியையும் எதிர்கொள்கிறார். கோடிக்கணக்கில் ஈட்டுபவர் காட்டின் பக்கமே வருவதில்லை.

பறிமுதல் மட்டும் போதுமா?

பயிற்சி வகுப்புகளில் நான் அடிக்கடி கேட்கும் வினா ஒன்று உண்டு: பத்து வண்டிகளில் எத்தனை வண்டிகளைப் பிடித்தால் கடத்தல் நின்றுவிடும்? பாதியைப் பிடித்தால் நிற்கும் என்பதே பெரும்பாலோர் விடை. எளிய கணக்கு ஒன்றினால் இதைச் சோதித்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. ஆய்வில் கிடைத்தவை அல்ல.

ஒரு வண்டிச் சரக்கைக் காட்டிலிருந்து கிடங்குக்குக் கொண்டுவர முதலாளிக்கு 10 பங்கு செலவு என்று கொள்வோம். விற்பனையில் அவருக்குக் கிடைப்பது 100 பங்கு. பத்து வண்டிகளுக்குச் செலவு 100 பங்கு. மூன்று வண்டிகள் பிடிபட்டால் எஞ்சிய ஏழில் 700 பங்கு வரவு, இலாபம் 600. ஐந்து பிடிபட்டால் இலாபம் 400. எட்டு பிடிபட்டாற்கூட 100 பங்கு இலாபம் நிற்கிறது. பிடிபட்ட எட்டு வண்டிகளில் இருந்தவர்கள் சிறைக்குச் செல்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக வேறு எண்மர் வருகிறார்கள். முதலாளியின் கணக்கில் அது சேதாரச் செலவு மட்டுமே.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் 1968இல் வெளியிட்ட கட்டுரையில், குற்றவாளி எதிர்பார்க்கும் இழப்பு என்பது பிடிபடும் வாய்ப்பையும் தண்டனையின் அளவையும் பொறுத்தது என்று விளக்கினார். செம்மரக் கடத்தலில் இவ்விரண்டும் சங்கிலியின் அடிப்பகுதியில் மிகுதியாகவும் உச்சியில் மிகக் குறைவாகவும் உள்ளன. எனவே கைது செய்யப்பட்டோர் எண்ணிக்கையையும் பறிமுதலான டன் கணக்கையும் மட்டும் வைத்து ஒரு பிரிவின் பணியை மதிப்பிடுவது தவறான அளவுகோலாகும். முதலாளியின் மீது தண்டனை உறுதியாகும் வாய்ப்பு உயர்ந்ததா, அவரது சொத்து முடக்கப்பட்டதா என்பனவே சரியான வினாக்கள்.

இரு நிகழ்ச்சிகள், ஒரு பாடம்

2013 டிசம்பர் 15ஆம் நாள் சேஷாசலக் காட்டில் மரம் வெட்டும் கும்பலைத் தடுக்கச் சென்ற வனத்துறையினர் தாக்கப்பட்டனர். கற்களாலும் ஆயுதங்களாலும் நடந்த அத்தாக்குதலில் வன அலுவலர் இருவர் உயிரிழந்தனர். அதன்பின் நூற்றுக்கணக்கானோர் கைதாயினர். ஏறத்தாழ முந்நூறு பேர் மீது நடந்த கொலை வழக்கில், 2016ஆம் ஆண்டு திருப்பதி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது.

இம்முடிவை இரு கோணங்களிலிருந்து நோக்க வேண்டும். கடமையில் உயிர் நீத்த இருவரின் குடும்பங்களுக்கு, கொன்றவர் யார் என்ற விடை கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் சிறையில் இருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கோ, இழந்த காலம் திரும்பவில்லை. நூற்றுக்கணக்கானோரை ஒரே வழக்கில் சேர்க்கும்போது, இன்னார் இன்ன இடத்தில் இன்ன செயலைச் செய்தார் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மெய்ப்பிக்க வேண்டிய கடமையும் கூடவே வருகிறது. கூட்டம் பெரிதாக ஆக அக்கடமை கடினமாகிறது.

2014–15இல் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு செம்மரக் கடத்தல் தடுப்புச் செயற்படை அமைக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சந்திரகிரிக்கு அருகே சேஷாசலக் காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. உறவினர்களும் மனித உரிமை அமைப்புகளும் அதனை மறுத்தனர். ஆந்திர அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தேசிய மனித உரிமைகள் ஆணையம் விசாரணை மேற்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 இலட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது.

அந்த இருபது பேரின் இறப்பினால் எந்த முதலாளியின் பெயரும் வெளிப்படவில்லை என்பதைப் புலனாய்வு மாணவர் உணர வேண்டும். சங்கிலியின் முதற்கண்ணி பேசாமற்போனால் அடுத்த கண்ணிக்கு வழியில்லை. உயிருடன் பிடிபட்டு, சட்டப்படி விசாரிக்கப்பட்டு, தன் மொழியில் வாக்குமூலம் அளிக்கும் ஒரு தொழிலாளி, மேஸ்திரியின் வீட்டைக் காட்டக்கூடிய சாட்சி ஆவார். மனித உரிமையும் திறமையான புலனாய்வும் ஒன்றுக்கொன்று பகையென்று கருதுவோர் உண்டு. சேஷாசலத்தின் அனுபவம் அக்கருத்துக்கு இடம் தரவில்லை.

பணியின் ஆபத்தும் இன்னும் நீங்கவில்லை. 2024 பிப்ரவரியில் அன்னமய்யா மாவட்டத்தில் கடத்தல் வாகனத்தைத் தடுக்க முயன்ற செயற்படைக் காவலர் ஒருவர் அவ்வண்டி மோதி உயிரிழந்தார். நள்ளிரவில் சாலையில் நிற்கும் காவலரின் உயிருக்கு, அலுவலகத்தில் நடக்கும் நுணுக்கமான புலனாய்வே நிலையான காப்பு. வண்டியை அனுப்பும் முதலாளி அகப்பட்டால், சாலையில் நிறுத்த வேண்டிய வண்டிகள் குறையும்.

பிடிபட்ட வண்டியிலிருந்து தொடங்குதல்

ரேணிகுண்டாவுக்கு அருகே ஓர் இரவு, கட்டைகள் ஏற்றிய வேன் ஒன்று பிடிபடுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுநரும் இருவரும் உள்ளே இருக்கின்றனர். முன் சென்ற கார் தப்பிவிட்டது. வழக்கமான முறையில் மகஜர் எழுதி, மூவரையும் நீதிமன்றத்துக்கு அனுப்பி, கட்டைகளைக் கிடங்கில் சேர்த்தால் வேலை முடிந்தது. திட்டமிட்ட குற்றத்தின் புலனாய்வாளருக்கோ அப்போதுதான் வேலை தொடங்குகிறது.

முதலாவதாக, கைப்பற்றும் முறை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி, சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி–ஒளிப் பதிவு செய்தல் வேண்டும். ஒவ்வொரு கட்டைக்கும் எண், நீளம், சுற்றளவு, எடை ஆகியன குறிக்கப்பட வேண்டும். கட்டையில் உள்ள கடத்தற்காரரின் அடையாளக் குறிகள் அலட்சியப்படுத்தத்தக்கவை அல்ல. ஒரே குறி இரு வேறு பறிமுதல்களில் காணப்பட்டால் இரண்டுக்கும் உரிமையாளர் ஒருவரே என்ற ஐயத்துக்கு அது அடிப்படையாகும்.

இரண்டாவதாக, மரத்தின் அடையாளம். அது செம்மரம்தான் என்பதற்கு வல்லுநர் சான்று தேவை. பெங்களூரில் உள்ள மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை இதற்கு உதவும். காட்டில் எஞ்சிய அடிமரத்தையும் பிடிபட்ட கட்டையையும் ஒப்பிட முடிந்தால், பட்டா நிலத்தில் வெட்டியது என்ற எதிர்வாதத்துக்கு விடை கிடைக்கும்.

மூன்றாவதாக, தொலைபேசி. காவலரிடம் அளித்த குற்ற ஒப்புதலை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. ஆகையால் ஓட்டுநர் கூறும் பெயரைத் தனிச் சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். அழைப்புப் பதிவுகளும் கோபுர இருப்பிடப் பதிவுகளும் முன் சென்ற காரை வேனுடன் இணைக்கும். ஆயினும் மின்னணுப் பதிவுக்குப் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழ் இணைக்கப்படாவிட்டால், அப்பதிவு நீதிமன்றத்தில் நிற்காது.

நான்காவதாக, வாகனம். பதிவுச் சான்றிலுள்ள உரிமையாளர், உண்மையில் விலை கொடுத்தவர், கடன் கொடுத்த நிதி நிறுவனம், சுங்கச் சாவடிப் பதிவு, எரிபொருள் நிரப்பிய இடம் ஆகிய ஐந்தையும் கேட்க வேண்டும். பொய் எண் பலகைக்குப் பின்னால் அடிச்சட்ட எண் இருக்கிறது.

ஐந்தாவதாக, மனிதர். கைதானவருக்குத் தெலுங்கு தெரியாதெனில், அவருக்கு விளங்கும் மொழியில் கைதுக்கான காரணத்தைத் தெரிவிப்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு விதிக்கும் கடமை. மொழிபெயர்ப்பாளரின் துணையுடன் வாக்குமூலம் பெறுவது சட்டத்துக்கும் உதவும், உண்மைக்கும் உதவும். முன்பணம் கொடுத்தவர் யார், எந்தப் பேருந்து நிலையத்தில் சந்தித்தார், யார் எண்ணிலிருந்து வீட்டுக்குப் பேசினார்கள் என்ற மூன்று வினாக்களுக்கு அமைதியாகக் கிடைக்கும் விடை, அச்சுறுத்திப் பெறும் பத்துப் பக்கங்களைவிடப் பயனுடையது.

இவை அனைத்தையும் குற்றப்பத்திரிகைக்குரிய காலக்கெடுவுக்குள் செய்து முடிக்க வேண்டும். 60 அல்லது 90 நாள் கடந்தால் கைதானவருக்குப் பிணை உரிமையாகிவிடும்.

துறைமுகமும் பணத்தின் தடமும்

காட்டிலிருந்து மேலே ஏறும் வழி ஒன்று. துறைமுகத்திலிருந்து கீழே இறங்கும் வழி மற்றொன்று. 2022 செப்டம்பரில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் ஒரு கொள்கலனைச் சோதித்தது. ஆவணங்களில் குளியலறைப் பொருள்கள் என்று குறிப்பிடப்பட்ட சரக்கினிடையே செம்மரக் கட்டைகள் இருந்தன. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 11.70 கோடி ரூபாய். அக்கொள்கலன் ஷார்ஜாவுக்குச் செல்லவிருந்தது. ஆந்திர மலையில் வளரும் மரம் குஜராத் கடற்கரையில் பிடிபட்டது என்பதிலிருந்து, இது மாவட்ட அளவிலான குற்றமன்று என்பது தெளிவாகும்.

கொள்கலன் ஒன்று பிடிபடும்போது ஏற்றுமதியாளரின் குறியீட்டெண், சரக்கு ஏற்றிய இடம், முத்திரையின் எண், சுங்க முகவர், கட்டணம் செலுத்திய வங்கிக் கணக்கு எனப் பல தாள்கள் கிடைக்கின்றன. பெயரளவில் நடத்தப்படும் நிறுவனங்களின் முகவரியில் பெரும்பாலும் ஒருவரும் இருப்பதில்லை. ஆனால் அந்நிறுவனத்தின் கணக்கைத் தொடங்கிய கைப்பேசி எண் எங்கோ ஓரிடத்தில் வேறொரு வழக்கின் எண்ணுடன் பொருந்தும். அப்பொருத்தத்தைக் காண்பதற்கு, சுங்க அலுவலரின் பட்டியலும் திருப்பதிச் செயற்படையின் பட்டியலும் ஒரே மேசையில் விரிக்கப்பட வேண்டும்.

பணத்தைத் தொடர்வதற்கு இரு சட்டவழிகள் உள்ளன. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 107ஆம் பிரிவின்படி, குற்றத்தின் வருவாயால் வாங்கிய சொத்தை முடக்குமாறு புலனாய்வு அலுவலர், உரிய மேலதிகாரியின் ஒப்புதலுடன் நீதிமன்றத்தைக் கோரலாம். மற்றொன்று 2002ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம். இதனைப் பயன்படுத்த அச்சட்டத்தின் அட்டவணையில் உள்ள குற்றம் ஒன்று முதலில் பதிவாகியிருக்க வேண்டும். சுங்கச் சட்டத்தின் 135ஆம் பிரிவு அந்த அட்டவணையில் உண்டு. வெறும் சதிக்குற்றம் போதாது, சதியே அட்டவணைக் குற்றம் ஒன்றைக் குறித்ததாக இருத்தல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவுபடுத்தியது. ஆகவே முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் பிரிவுகளே, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமலாக்கத் துறை அவ்வழக்கைத் தொட முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன.

உச்சியில் இருப்பவரை எட்ட முடியாது என்று சோர்வடையவும் காரணமில்லை. செம்மர வழக்குகளில் முக்கியக் குற்றஞ்சாட்டப்பட்டவராகத் தேடப்பட்ட ஒருவர் பிணையில் வெளிவந்து அயல்நாட்டுக்குச் சென்றார். பன்னாட்டுக் காவல் அமைப்பின் அறிவிப்பின் உதவியால் மொரிஷியஸில் தடுத்து வைக்கப்பட்ட அவர், 2015 நவம்பரில் ஆந்திரத்துக்குக் கொண்டுவரப்பட்டார். மாநிலக் காவல்துறை, மத்திய அமைப்புகள், அயல்நாட்டு அரசு ஆகிய மூன்றும் சேர்ந்தபோதுதான் அது இயன்றது.

தடுப்புக் காவல் சட்டங்களின் கீழ்ப் பலரை ஓராண்டுக் காலம் அடைத்து வைப்பதும் இப்பகுதியில் வழக்கம். அவசர நிலையில் அதற்குப் பயன் உண்டு. எனினும் அது சான்று திரட்டுவதற்கு மாற்றாகாது. ஓராண்டு முடிந்தபின் அவர் திரும்பி வரும்போது, குற்றப்பத்திரிகை தயாராக இல்லையெனில் நிலைமை முன்போலவே இருக்கும்.

புலனாய்வாளருக்கு வேண்டிய தகுதிகள்

மேற்கூறியவற்றிலிருந்து இப்பணிக்கு வேண்டிய தகுதிகளைத் தொகுத்துக் கூறலாம். காட்டுப் பாதையைப் போலவே வங்கிக் கணக்கையும் படிக்கும் பழக்கம் வேண்டும். பொருளியல், வணிகவியல் பட்டதாரிகள் காவல், வனம், சுங்கம் ஆகிய துறைகளில் சேரும்போது, தங்கள் பாடம் பணிக்குப் பொருந்தாது என்று எண்ண வேண்டியதில்லை. இத்தகைய வழக்குகளில் பேரேட்டுக்கு உள்ள மதிப்பு லத்திக்கு இல்லை. இரு மொழி அறிவு இப்பகுதியில் அணிகலன் அன்று, கருவியே ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும். ஒரு வண்டியைப் பிடித்த செய்தி மறுநாளே நாளிதழில் வரும். ஒரு முதலாளியின் தண்டனைக்கோ பல ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் மூன்று அலுவலர்கள் மாறியிருப்பர். தமக்குப் பின் வருபவர் விளங்கிக்கொள்ளும் வகையில் கோப்பை எழுதி வைப்பவரே நல்ல புலனாய்வாளர்.

அரசு வழக்குரைஞரைத் தொடக்கத்திலேயே கலந்தாலோசிப்பதும் இன்றியமையாதது. செம்மர வழக்குகளுக்கெனத் திருப்பதியில் தனி நீதிமன்றம் அமைந்துள்ளது. விரைந்த விசாரணைக்கு அது வழி செய்யும். ஆனால் நீதிமன்றம் தரும் விரைவு, சான்றின் குறையை ஈடு செய்யாது.

காட்டுக்கு வெளியே

புலனாய்வு ஒன்றினால் மட்டும் இக்குற்றம் ஒழிந்துவிடும் என்று கூறுவதற்கில்லை. ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் வேலைவாய்ப்பு, கல்வி, நியாயமான கடன் வசதி ஆகியன பெருகினால் மேஸ்திரியின் முன்பணத்துக்கு மதிப்புக் குறையும். முன்பணத்தை ஏற்பவர் பேராசையால் ஏற்பதில்லை. விதைக்கும் மருத்துவத்துக்கும் திருமணத்துக்கும் பணம் தேவைப்படும் வேளையில் அது வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

சட்டப்படியான சந்தையை வளர்ப்பது மற்றொரு வழி. பட்டா நிலத்தில் செம்மரம் வளர்க்கும் உழவர்கள் உரிய உரிமத்துடன் விற்க இயலும். சைட்டீஸ் அமைப்பு 2004 முதல் இந்தியச் செம்மர வணிகத்தைத் தனி மீளாய்வின் கீழ் வைத்திருந்தது. 2023 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த நிலைக்குழுக் கூட்டத்தில் இந்தியா அதிலிருந்து விடுவிக்கப்பட்டது. செம்மர உழவர்களுக்கு இது நற்செய்தி. சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையம் 2025இல் ஆந்திரத்தின் செம்மர உழவர்கள் 198 பேருக்கும் ஒரு கல்வி நிறுவனத்துக்கும் பயன் பகிர்வுத் தொகையாக 3 கோடி ரூபாயை விடுவித்தது. வளர்த்தவனுக்குப் பங்கு கிடைக்கும் முறை பரவினால், மரத்தைக் காக்கும் கண்களின் எண்ணிக்கை கூடும். அதே வேளையில், காட்டுமரம் பட்டா மரமென்ற போர்வையில் நுழையாதபடி உரிமமும் சரிபார்ப்பும் கண்டிப்பாக இருத்தல் வேண்டும்.

முடிவுரை

செம்மரக் கடத்தலில் ஒரு முனையில் கோடரியும் மறுமுனையில் பணப்பெட்டியும் உள்ளன. கோடரி கண்ணுக்குத் தெரிவதால் அதனைப் பிடிப்பது எளிது. பிடித்ததோடு நின்றதன் விலையைக் காட்டில் மாண்ட வன அலுவலர்களும், சாலையில் மாண்ட காவலரும், மலைக்கிராமத்திலிருந்து சென்று திரும்பாதவர்களும் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பறிமுதலையும் முடிவாகக் கருதாமல் தொடக்கமாகக் கருதி, கோடரியிலிருந்து பணப்பெட்டி வரை ஒவ்வொரு கண்ணியையும் நீதிமன்றம் ஏற்கும் சான்றால் இணைப்பதே புலனாய்வாளரின் கடமை. அக்கடமை செவ்வனே நிறைவேறும் அளவுக்குச் சேஷாசலத்தில் மரமும் நிற்கும். மனிதரும் வீடு திரும்புவர்.